திறந்த சில நொடிகளில் தானாக மூடிக்கொள்ளும் மென்பொருள்: பழைய கணினியில் எங்கிருந்து தேடுவது?

பழைய_பெட்டி:

கணினி விவரம்: இன்டெல் கோர் ஐ3-2100, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் (ஒரே குச்சி), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, ப்ராசஸரோடு வரும் எச்டி கிராஃபிக்ஸ் 2000 மட்டும். விண்டோஸ் 10, 64 பிட், 22எச்2.

படம் வரையும் மென்பொருள் ஒன்று, 64 பிட். பழைய பதிப்பு ஒழுங்காக ஓடியது. புதிய பதிப்பில் தொடக்கப் படம் வருகிறது, லோடிங் பட்டை பாதி நகர்கிறது, அவ்வளவுதான், சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. எர்ரர் பெட்டி எதுவும் வருவதில்லை.

இன்னொன்று ஆடியோ எடிட்டர். சின்னக் கோப்புகளில் தொல்லை இல்லை. நீளமான ஒலிப்பதிவுகள் இரண்டு மூன்றைத் திறந்து வைத்து எஃபெக்ட் போட்டால், வேலையின் நடுவே மூடிக்கொள்கிறது.

ரீஇன்ஸ்டால், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுவது, விண்டோஸ் 7 கம்பாட்டிபிலிட்டி மோடு, ஆன்டிவைரஸை நிறுத்துவது எல்லாம் செய்தாயிற்று. விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினால் பழுது எதுவும் இல்லை என்கிறது.

ராம் கெட்டுவிட்டதா, கிராஃபிக்ஸா, இல்லை ப்ராசஸரே இந்தப் பதிப்புக்குப் பழசாகிவிட்டதா? காசு செலவழிக்கும் முன் எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

---

லாக்_வாசகன்:

முதலில் ரீஇன்ஸ்டால் செய்வதை நிறுத்துங்கள். எதனால் விழுந்தது என்பதை விண்டோஸ் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் செய்யும் எல்லாமே குருட்டு வைத்தியம்தான்.

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து இவென்ட் வியூவரைத் திறங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். வலப்பக்கம் ‘ஃபில்டர் கரன்ட் லாக்’ என்பதை அழுத்தி, இவென்ட் ஐடி கட்டத்தில் 1000, 1002, 1026 என்று போடுங்கள். 1000 என்றால் மென்பொருள் விழுந்தது. 1002 என்றால் உறைந்து நின்றது. 1026 டாட்நெட் மென்பொருள்கள் எழுதுவது. அதில் எந்த எக்ஸெப்ஷன் (பிழை), எந்த வரிசையில் அழைக்கப்பட்டது என்பதுவரை இருக்கும்.

ஐடி 1000 பதிவைத் திறந்தால் உங்களுக்குத் தேவையானவை: ஃபால்ட்டிங் மாட்யூல் நேம் (எந்தக் கோப்பில் விழுந்தது), அந்த மாட்யூலின் வெர்ஷன், எக்ஸெப்ஷன் கோட் (என்ன வகைப் பிழை), ஃபால்ட் ஆஃப்செட் (அந்தக் கோப்புக்குள் எந்த இடம்), கடைசியில் மாட்யூல் பாத் (அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர்). பலரும் பாத் வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒட்டுவார்கள். பாதி வழக்குகளில் விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

எக்ஸெப்ஷன் கோட் முன்னால் வரும் பூஜ்யம், எக்ஸ் இரண்டையும் விட்டு எழுதுகிறேன்.

சி0000005 தான் அதிகம் வருவது. தனக்கில்லாத நினைவக முகவரியைத் தொட்டதால் வெளியேற்றப்பட்டது என்று பொருள். இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, மாட்யூலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சி000001டி அப்படியல்ல, அது ஒரே பார்வையில் விடை சொல்லிவிடும்: ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை ஒன்றை மென்பொருள் கொடுத்திருக்கிறது. சி0000374 ஹீப் சிதைவு, அதாவது மென்பொருள் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி கெட்டுப்போனது. சி0000409 என்பது மென்பொருள் தன்னுள் ஏதோ கெட்டிருப்பதைத் தானே கண்டுபிடித்து, வேண்டுமென்றே நின்றுகொண்டது. சி000007பி வந்தால் 32 பிட், 64 பிட் டிஎல்எல்கள் (மென்பொருள்கள் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள்) ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. சி0000135 வந்தால் தேவையான டிஎல்எல் கிடைக்கவில்லை. கடைசி இரண்டுக்கும் பெரும்பாலும் எர்ரர் பெட்டியே வந்துவிடும் என்பதால் உங்களுக்கு அவை இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரு எச்சரிக்கை. மாட்யூல் இடத்தில் என்டிடிஎல்எல் அல்லது கெர்னல்பேஸ் என்ற விண்டோஸின் சொந்தக் கோப்பு இருந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அது பிணம் கிடந்த இடம், கொலை நடந்த இடம் வேறாக இருக்கலாம்.

இன்னொன்று, ஆஃப்செட் எண்ணை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மாட்யூல், அதே ஆஃப்செட் என்றால் குற்றம் மென்பொருள் பக்கம்: பதிப்பு, டிரைவர், செட்டிங்ஸ் என்று ஏதோ ஒன்று. ஒரு முறை ஒரு மாட்யூல், மறுமுறை வேறு, சம்பந்தமே இல்லாத மென்பொருள்களும் விழுகின்றன என்றால் அப்போது ராம், மின்சாரம் பக்கம் போகலாம்.

இரண்டு மென்பொருளுக்கும் தனித்தனியாக இந்த விவரங்களை ஒட்டுங்கள். சிஸ்டம் லாக்கிலும் ஒருமுறை போய் 2004 என்ற ஐடி இருக்கிறதா என்று பாருங்கள்.

---

சாலிடர்_வாசம்:

லாக் பார்ப்பது சரி. ஆனால் இவ்வளவு பழைய போர்டில் ராமையும் டிஸ்க்கையும் சோதிக்காமல் மென்பொருளைத் துருவுவது நேர விரயம். இரண்டுக்கும் செலவில்லை.

ராமுக்கு விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் போதாது, மெல்லிய பழுதுகளை அது விட்டுவிடும். மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸின் 6ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ எடுத்து யூஎஸ்பியில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். பழைய பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடும். குறைந்தது 4 சுற்று, முடிந்தால் இரவு முழுக்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விடக் கூடாது. பிழை வந்தால் உடனே குச்சியைக் குறை சொல்லாமல், பிளக்கைக் கழற்றி, குச்சியை எடுத்து, பொன்னிறத் தொடுமுனைகளை மென்மையான துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அடுத்த ஸ்லாட்டில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்லாட் மாறியதும் பிழை போனால் குச்சி நல்லது.

டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. பார்க்க வேண்டியவை 05, சி5, சி6 வரிகளின் ரா மதிப்பு. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். பூஜ்யமாக இல்லையென்றால் வேறு எதையும் செய்யும் முன் பேக்கப் எடுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள். அதை மாற்றினால் எண் அதற்குமேல் ஏறாது, ஆனால் பழைய எண்ணிக்கை இறங்கவும் இறங்காது; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சூடு காரணமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் கணினியே அணைந்துபோகும். தொடங்கும்போது ஒரு மென்பொருள் மட்டும் விழுவது சூட்டின் குணம் இல்லை.

---

பழைய_பெட்டி:

இருவருக்கும் நன்றி. விவரங்கள்:

படம் வரையும் மென்பொருள்: மாட்யூல் எம்எஸ்விசிபி140.டிஎல்எல், வெர்ஷன் 14.29 என்று தொடங்குகிறது, கோட் சி0000005. லாக்கில் உள்ள எல்லாப் பதிவுகளிலும் ஆஃப்செட் ஒன்றேதான். பாத்: சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32.

ஆடியோ எடிட்டர்: மாட்யூல் அந்த மென்பொருளின் இஎக்ஸ்இ-யே, கோட் சி0000409. அதே நேரத்தில் சிஸ்டம் லாக்கில் 2004 பதிவும் இருக்கிறது, சோர்ஸ் ‘ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்’.

மெம்டெஸ்ட் 4 சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. டிஸ்க்கில் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம்.

---

லாக்_வாசகன்:

இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது தெளிவாகத் தெரிகிறது.

எம்எஸ்விசிபி140 என்பது விஷுவல் சி++ ரன்டைம் நூலகத்தின், அதாவது சி++ மொழியில் எழுதிய மென்பொருள்கள் ஓடத் தேவையான பொது நூலகத்தின், ஒரு பகுதி. மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் உருவாக்கும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் 2015 முதல் 2022 வரை எல்லாப் பதிப்புகளும் அதே 140 என்ற பெயரைத்தான் பயன்படுத்துகின்றன. கோப்பின் பெயர் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே போகும். விதி ஒன்றுதான்: மென்பொருளைக் கட்டிய கம்பைலர் (எழுதிய நிரலை இஎக்ஸ்இ-யாக மாற்றும் கருவி) எவ்வளவு புதியதோ, கணினியில் உள்ள ரன்டைமும் குறைந்தது அவ்வளவு புதியதாக இருக்க வேண்டும். ரன்டைம் புதியது, மென்பொருள் பழையது என்றால் ஓடும். தலைகீழானால் உத்தரவாதம் இல்லை.

பல வருடம் தலைகீழாக இருந்தும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. 2024இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ 2022, 17.10 பதிப்பில் அது முறிந்தது. மியூடெக்ஸ் என்ற பூட்டு, அதாவது பல த்ரெட்கள் (ஒரே மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடாமல் தடுப்பது, முன்பெல்லாம் டிஎல்எல்லுக்குள் உள்ள ஃபங்ஷனை அழைத்துத் தயார் செய்யப்பட்டது. 17.10இல் அந்த வேலை கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடும்படி மாற்றினார்கள். புதிய டிஎல்எல்லுக்கு இது தெரியும். பழைய டிஎல்எல்லோ, தான் தயார் செய்து வைத்த சுட்டி (நினைவக முகவரி) அங்கே இருக்கும் என்று நம்பிக் கை வைக்கிறது. அங்கே இருப்பது பூஜ்யம். பூட்டை முதன்முறை போடும் இடத்திலேயே சி0000005. அதனால்தான் உங்கள் ஆஃப்செட் மாறவே இல்லை, அதனால்தான் லோடிங் பாதியில், பின்னணி த்ரெட்கள் கிளம்பும் நேரத்தில் விழுகிறது.

உங்கள் 14.29 என்பது விஷுவல் ஸ்டுடியோ 2019 காலத்து ரன்டைம். 17.10க்கு உரியது 14.40. இந்த மென்பொருளுக்கு 14.40 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

செய்ய வேண்டியது: மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பக்கத்துக்குப் போய் எக்ஸ்64, எக்ஸ்86 இரண்டையும் இறக்கி, இரண்டையும் இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 64 பிட் மென்பொருளுக்கு எக்ஸ்64 மட்டும் போதும்தான். ஆனால் 32 பிட் மென்பொருள் ஏதாவது அடுத்து இதே குழியில் விழும், இப்போதே முடித்துவிடுவது நல்லது. பிறகு சிஸ்டம்32 ஃபோல்டரில் அந்தக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் பக்கத்தில் வெர்ஷன் ஏறியிருக்கிறதா பாருங்கள். பெயர் குழப்பும்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32க்குள் இருப்பவைதான் 64 பிட் கோப்புகள், 32 பிட் கோப்புகள் சிஸ்வவ்64க்குள் இருக்கும்.

டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் தளங்களின் பக்கம் போகவே வேண்டாம். ரன்டைம் என்பது ஒரு கோப்பு அல்ல, விசிரன்டைம்140, அதன் துணைக் கோப்புகள் என்று ஒரு தொகுப்பு. ஒன்றை மட்டும் மாற்றினால் நோய் இடம் மாறும், போகாது.

எஸ்எஃப்சி ஏன் பழுது இல்லை என்றது என்றால், அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும் காவல் காக்கிறது. இந்த ரன்டைம் வெளியிலிருந்து இன்ஸ்டால் ஆவது, அதன் பட்டியலிலேயே இல்லை. தவிர, கோப்பு கெடவும் இல்லை, பழசாகத்தான் இருக்கிறது. ரீஇன்ஸ்டால் பலிக்காததும் இதனால்தான்: அந்த மென்பொருளின் இன்ஸ்டாலர் ரன்டைமைக் கூடவே கொண்டுவரவில்லை.

---

கேச்_மிஸ்:

மேலே சொன்னதோடு ஒரு கிளை வழி. இதே கோளாறோடு வருபவர்களில் சிலருக்கு ரன்டைமைப் புதுப்பித்த பிறகும் அப்படியே விழும். அவர்கள் மாட்யூல் பாத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் டிஎல்எல் தேடும்போது முதலில் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டர், அதன் பிறகுதான் சிஸ்டம்32, பாத் என்ற விண்டோஸ் மாறியில் பட்டியலிட்ட ஃபோல்டர்கள் கடைசியில். ஆகவே இஎக்ஸ்இ-யின் பக்கத்திலேயே பழைய எம்எஸ்விசிபி140 ஒன்று உட்கார்ந்திருந்தால் சிஸ்டம்32இல் எவ்வளவு புதியதைப் போட்டாலும் அது கண்ணில் படாது.

ஜாவா, பைதான் வழியாக ஓடும் மென்பொருள்களில் இது வழக்கம். அங்கே ஓடும் இஎக்ஸ்இ உண்மையில் ஜாவாவுடையது, அதன் ‘பின்’ என்ற பெயருள்ள ஃபோல்டரில் அதற்கான ரன்டைம் நகல் இருக்கும், உங்கள் புதிய நூலகமும் அந்தப் பழைய நகலோடுதான் பிணைக்கப்படும். தீர்வு, அந்த ஜாவா அல்லது பைதான் தொகுப்பையே புதுப்பிப்பது. அவசரத்துக்கு, அங்குள்ள நகலின் பெயரை மாற்றிவைத்தால் சிஸ்டம்32இல் உள்ளது எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அடுத்த அப்டேட்டில் பழையது திரும்ப வந்து நிற்கலாம்.

மாட்யூல் பாத் என்பது பாத் மாறியில் உள்ள ஏதோ ஒரு ஃபோல்டர் என்றால், உங்கள் கணினியில் ரன்டைம் முறையாக இன்ஸ்டாலே ஆகவில்லை என்று அர்த்தம்.

---

மெமரி_மேடு:

இரண்டாவது நோய்க்கு வருகிறேன். 2004 என்பது விண்டோஸ் ‘என்னிடம் விர்ச்சுவல் மெமரி தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதும் பதிவு. அதைத் திறந்தால் அதிகம் எடுத்துக்கொண்ட மூன்று ப்ராசஸ்களின் பெயரும் பைட் கணக்கும் உள்ளேயே இருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும். வலப்பக்க எண்தான் உச்சவரம்பு: ராமும் பேஜ் ஃபைலும் (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) சேர்ந்த தொகை. ஒரு மென்பொருள் நினைவகம் கேட்கும்போது விண்டோஸ் பார்ப்பது ராம் காலியா என்பதை அல்ல, இந்த வரம்புக்குள் வாக்குக் கொடுக்க முடியுமா என்பதை. முடியாவிட்டால் மறுத்துவிடும். நன்றாக எழுதிய மென்பொருள் ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லி நிற்கும். மற்றவை உங்களுடையதைப் போல சி0000409 போட்டு நின்றுவிடும்.

இப்போது அந்த இரண்டு எண்களும் என்ன? பேஜ் ஃபைல் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது? ஆடியோ எடிட்டர் 32 பிட்டா, 64 பிட்டா?

---

பழைய_பெட்டி:

கமிட்டட் சாதாரணமாகவே 3.1/3.9 ஜிபி, கோப்புகளைத் திறந்ததும் 3.8க்கு ஏறிவிடுகிறது. விர்ச்சுவல் மெமரி பெட்டியில் ‘நோ பேஜிங் ஃபைல்’ என்று இருக்கிறது. எடிட்டர் 64 பிட்.

ரன்டைம் இரண்டையும் போட்டு ரீஸ்டார்ட் செய்தாயிற்று. படம் வரையும் மென்பொருள் திறக்கிறது! கோப்பின் வெர்ஷன் 14.4 என்று தொடங்கும் எண்ணுக்கு மாறியிருக்கிறது. வரையவும் சேமிக்கவும் முடிகிறது. ஆனால் மென்பொருளை மூடும் நேரத்தில் லாக்கில் புதிதாக 1000 பதிவு ஒன்று விழுகிறது: மாட்யூலின் பெயர் ஐஜி என்று தொடங்கி ஐசிடி64 என்று முடிகிறது, கோட் சி0000005.

---

மெமரி_மேடு:

பேஜ் ஃபைலை நிறுத்தினால் கணினி வேகமாகும் என்று ஒரு குறிப்பு வருடக்கணக்காகச் சுற்றிவருகிறது. 4 ஜிபி கணினியில் அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. 3.9 ஜிபிக்கு மேல் ஒரு பைட்டுக்கும் விண்டோஸால் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு மென்பொருள் கேட்டு வாங்கிவிட்டு இன்னும் தொடாமல் வைத்திருக்கும் இடம்கூட அந்தக் கணக்கில்தான் சேரும், அதனால் ராம் கொஞ்சம் காலியாகத் தெரியும்போதே நீங்கள் முட்டிக்கொள்கிறீர்கள்.

சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். மேலே உள்ள ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ கட்டத்தை டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட். முடிந்தது. தானாகப் பெரிதாகும்போது டிஸ்க்கில் துண்டுதுண்டாகச் சிதறுவது பிடிக்கவில்லை என்றால் தொடக்க அளவு 4096 எம்பி, உச்ச அளவு 8192 எம்பி என்று கையால் போடலாம். சி டிரைவில் அதற்கு மேலும் 15, 20 ஜிபி காலியாக இருப்பது நல்லது, ஏனென்றால் ஆடியோ எடிட்டர்கள் அன்டூவுக்காகத் தற்காலிகக் கோப்புகளை அதே டிரைவில் கொட்டும்.

இது விழுவதை நிறுத்தும், வேகத்தைக் கூட்டாது. ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் ஓடுவது தவழ்வதற்குச் சமம். உண்மையான தீர்வு ராம். வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியது: சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு, ஈசிசி குச்சிகள் வேண்டாம். டிடிஆர்3-1600 குச்சி போட்டாலும் இந்த ப்ராசஸரில் 1333இல்தான் ஓடும், அதில் கெடுதல் இல்லை. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் குச்சி 1.5 வோல்ட்டிலும் ஓடக்கூடியதுதான். பொறி எங்கே என்றால் 8 ஜிபி குச்சிகளில்: மொத்தம் 8 சில்லுகளே உள்ள 8 ஜிபி குச்சியில் ஒவ்வொரு சில்லும் 8 கிகாபிட். இந்தத் தலைமுறை ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலருக்கு அது புரியாது, திரையே வராது. இரு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ளதை எடுங்கள். அல்லது இப்போதுள்ளதைப் போன்ற இன்னொரு 4 ஜிபி குச்சி. இரண்டு சேனலும் நிரம்பும், ராமைப் பங்குபோட்டுக்கொள்ளும் உங்கள் கிராஃபிக்ஸுக்கும் அதனால் வேகம் கூடும்.

---

பிக்சல்_கணக்கு:

ஐசிடி64 கோப்பு இன்டெல்லின் ஓபன்ஜிஎல் டிரைவர். ஓபன்ஜிஎல் என்பது மென்பொருள்கள் கிராஃபிக்ஸிடம் வேலை வாங்கும் வழிகளில் ஒன்று. என்விடியாவில் இதே இடத்தில் என்விஓஜிஎல்வி64 என்று வரும், ஏஎம்டியில் ஏடிஐஓ6ஏஎக்ஸ்எக்ஸ்.

எச்டி கிராஃபிக்ஸ் 2000க்கு விண்டோஸில் ஓபன்ஜிஎல் 3.1 வரைதான். இப்போதைய மென்பொருள்கள் பலவும் 3.3 கேட்கும், ப்ளெண்டரின் 4.0 பதிப்பு 4.3 கேட்கும். உங்களுடையது திறந்து வரைய விடுகிறது, ஆகவே தேவை 3.1க்குள் அடங்குகிறது. மூடும்போது விழுவது வேறு வகை: மென்பொருள் தன் ஜன்னல்களையும் ஓபன்ஜிஎல் சூழலையும் கலைக்கும் வரிசை டிரைவருக்கு ஒத்துவரவில்லை. சேமித்த படத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் வெளியேறும்போது எழுதப்படும் செட்டிங்ஸ், பேனல் அமைப்பு போன்றவை தொலையலாம்.

டிரைவர் வேட்டைக்குப் போகாதீர்கள். இந்தச் சில்லுக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் என்று தனியாக வெளியிடவில்லை, விண்டோஸ் அப்டேட் தருவதே கடைசி. டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள் ‘புதியது இருக்கிறது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் மென்பொருளின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனை நிறுத்திப் பாருங்கள். அல்லது ஓபன்ஜிஎல்லுக்குப் பதில் டைரக்ட்3டி (விண்டோஸின் சொந்த கிராஃபிக்ஸ் வழி), ஏங்கிள் (ஓபன்ஜிஎல் அழைப்புகளை டைரக்ட்3டிக்கு மாற்றித் தருவது) என்று தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இன்டெல்லின் பழைய சில்லுகளில் டைரக்ட்3டி பக்கம் ஓபன்ஜிஎல்லைவிட எப்போதும் உறுதியாகவே இருந்திருக்கிறது.

செட்டிங்ஸில் அப்படி எதுவும் இல்லை, மென்பொருள் க்யூட்டி நூலகத்தில் எழுதப்பட்டது என்றால் (ஃபோல்டரில் க்யூட்டி5 அல்லது க்யூட்டி6 என்று தொடங்கும் டிஎல்எல்கள் இருந்தால் அதுதான்) ஒரு பேட்ச் கோப்பு எழுதலாம். முதல் வரியில் செட் கட்டளை வழியாக க்யூடி_ஓபன்ஜிஎல் என்ற மாறிக்கு சாஃப்ட்வேர் என்ற மதிப்பு, அடுத்த வரியில் மென்பொருளின் இஎக்ஸ்இ. எல்லாம் ஆங்கில எழுத்தில், சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடாமல். க்யூட்டி5 என்றால் மதிப்பாக ஏங்கிள் என்றும் போட்டுப் பார்க்கலாம், அதுவே வேகமானது. க்யூட்டி6இல் ஏங்கிள் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த மாறியை சிஸ்டம் முழுவதற்குமாக வைக்க வேண்டாம், மற்ற க்யூட்டி மென்பொருள்களும் மெதுவாகிவிடும்.

க்யூட்டியும் இல்லை என்றால் ஓபன்ஜிஎல் வேலையை ப்ராசஸரிலேயே செய்யும் மெசா தொகுப்பிலிருந்து ஓபன்ஜிஎல்32 டிஎல்எல்லையும் அதோடு வரும் கோப்புகளையும் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் மட்டும் வையுங்கள், சிஸ்டம்32இல் அல்ல. கேச்_மிஸ் சொன்ன அதே தேடல் வரிசை இங்கே நமக்கு உதவுகிறது. வரைகலை வேலை முழுவதும் ப்ராசஸர் தலையில் விழும். ஐ3-2100இல் 2000 பிக்சல் அகலப் படத்துக்குப் பெரிய தூரிகை போட்டால் கை முன்னே போகும், கோடு பின்னே வரும்.

---

கேச்_மிஸ்:

கேள்வியில் ப்ராசஸர் பழசா என்று கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த வழக்கில் இல்லை. ஆனால் சி000001டி கோடோடு இங்கே வருபவர்களுக்காக:

ஐ3-2100இல் எஸ்எஸ்இ4.2, ஏவிஎக்ஸ் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்புகள் உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. ஏவிஎக்ஸ்2 வந்தது 2013இல் நான்காம் தலைமுறை கோர் ப்ராசஸர்களோடு. இதே சாக்கெட்டில் பொருந்தும் அதே தலைமுறை பென்டியம், செலரானில் ஏவிஎக்ஸே கிடையாது. கோர் 2 டுவோவில் 45 நானோமீட்டர் வகைக்கு எஸ்எஸ்இ4.1 வரை, 65 நானோமீட்டர் வகைக்கு அதுவும் இல்லை. சிபியு-இசட் திறந்தால் ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ வரியில் உங்களுடையதற்கு உள்ளவை எல்லாம் வரிசையாக இருக்கும். தேவையானது அதில் இல்லையென்றால் கம்பாட்டிபிலிட்டி மோடு, ரன்டைம், டிரைவர், விண்டோஸ் ரீஇன்ஸ்டால் எதுவும் உதவாது. அந்தக் கட்டளை சிலிக்கானில் இல்லை. அந்த மென்பொருளின் பழைய பதிப்போ, ஏவிஎக்ஸ் இல்லாமல் கட்டியதோ கிடைத்தால் உண்டு.

---

பழைய_பெட்டி:

பேஜ் ஃபைலைத் தானியங்கிக்கு மாற்றிய பிறகு கமிட்டட் வரம்பு 3.9இலிருந்து ஏறிவிட்டது. அதே நீளமான ஒலிப்பதிவுகளைத் திறந்து எஃபெக்ட் போட்டேன். மெதுவாக ஓடியது, விழவில்லை. 2004 பதிவும் புதிதாக வரவில்லை.

படம் வரையும் மென்பொருளின் செட்டிங்ஸில் ஏங்கிள் தேர்வு இருந்தது, மாற்றினேன். பெரும்பாலும் சுத்தமாக மூடுகிறது. ஆனால் எப்போதாவது மூடும்போது இன்னும் விழுகிறது, இப்போது மாட்யூல் என்டிடிஎல்எல், கோட் சி0000374.

---

லாக்_வாசகன்:

ஹீப் சிதைவு என்றால் கெடுத்தது வேறொன்று, கண்டுபிடிக்கப்பட்டது மூடும்போது. லாக் இதற்குமேல் சொல்லாது, டம்ப் (விழுந்த நொடியில் மென்பொருளின் நினைவகத்தில் இருந்ததன் நகல்) வேண்டும். அதற்கு முன் ஒரு எளிய சோதனை: மென்பொருளை மூடிவிட்டு, ஆப்டேட்டாவின் ரோமிங், லோக்கல் இரண்டிலும் அதன் பெயரில் உள்ள ஃபோல்டர்களைப் பெயர் மாற்றி வையுங்கள், அழிக்க வேண்டாம். பழைய பதிப்புக்குச் சேர்த்த ப்ளக்இன்கள் புதிய பதிப்பில் ஏறிக்கொண்டு இப்படிச் செய்வது உண்டு. சுத்தமான செட்டிங்ஸில் விழாமல் இருந்தால் தூரிகைகளை முதலில், ப்ளக்இன்களை ஒவ்வொன்றாகக் கடைசியில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அப்போதும் விழுந்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எர்ரர் ரிப்போர்ட்டிங் வரை போய், அதனடியில் லோக்கல்டம்ப்ஸ் என்று ஒரு கீ, அதற்குள் இஎக்ஸ்இ-யின் முழுப் பெயரில் இன்னொரு கீ உருவாக்குங்கள். அதில் டம்ப்டைப் என்ற டிவேர்டு, மதிப்பு 2. அடுத்த முறை விழும்போது ஆப்டேட்டா லோக்கலில் கிராஷ்டம்ப்ஸ் ஃபோல்டருக்குள் முழு டம்ப் வந்து விழும். அளவு சில நூறு எம்பி இருக்கும், சுருக்கி அனுப்புங்கள். மென்பொருளை எழுதியவர்களின் பிழைப் பட்டியலில் பதிவிடும்போது அந்த டம்ப், ஐடி 1000இன் முழு உரை, ரன்டைமின் வெர்ஷன், கிராஃபிக்ஸ் டிரைவரின் வெர்ஷன் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். டம்ப்பில் அந்த நேரத்தில் திறந்திருந்த படமும் கோப்புப் பெயர்களும் இருக்கும், பொதுவில் போடாமல் தனியாகக் கேட்டால் மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கீயை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை விழும்போதும் டம்ப் சேர்ந்து, 10 ஆனதும்தான் பழையதை அழிக்கத் தொடங்கும்.